இரண்டு தடவை சுண்டினால் இழு

எங்கள் கல்லூரியில் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டும். நான் மட்டும் அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வாசல் காவலாளி தினமும் திட்டுகிறார். துறைத் தலைவர் இதுவரை மூன்று முறை விளக்கம் கேட்டுவிட்டார். நானும் கழுத்தில் அலர்ஜி, வியர்க்குரு என்று ஏதேதோ எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மையான காரணத்தை எழுதினால் என்னை எந்த டாக்டரிடம் அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இது கேள்விப்பட்ட கதை இல்லை. எனக்கு நடந்தது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து என் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டிலும் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடுச்சாமம், நாய் ஊளை, சுடுகாட்டுப் பாதை எதுவும் இதில் வராது. தூத்துக்குடியின் உச்சி வெயிலில், மத்தியானம் சாப்பிட்ட பிறகு நடந்தது.

நான் டிலக்சன். இலங்கையில் மன்னார். மீன்வளத்தில் மேற்படிப்பு படிக்கப் போன அக்டோபரில் இங்கே வந்தேன். மகன் வெளிநாட்டில் படிக்கிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வெளிநாட்டின் படகு விளக்குகள் இரவில் கடலுக்குப் போனால் எங்களுக்குத் தெரியும். அவ்வளவு பக்கம். பாஷையும் ஒன்றுதான், என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் வந்தேன்.

வாயைத் திறந்தால் "மலையாளமா தம்பி?" என்பார்கள். இல்லை, தமிழ்தான், இலங்கை என்றால் அடுத்த கேள்வி, "அப்போ கேம்ப்ல இருக்கியளா?" கல்லூரியில் படிக்க வந்திருக்கிறேன் என்று நம்ப வைப்பதற்குள் ஆட்டோ போய்விடும்.

சிம் கார்டு வாங்கப் போனால் ஆதார் கேட்டார்கள். பாஸ்போர்ட்டை நீட்டினால், தங்கியிருக்கும் விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். விலாசம் வேண்டுமென்றால் வீடு வேண்டும். வீட்டுக்காரர்களோ முதலில் போன் நம்பரைக் கேட்டார்கள். விடுதியில் இடம் தரலாம்தான், ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டடத்தில் கூரை வேலை நடக்கிறது, ஒரு மாதம் பொறுங்கள் என்றது கல்லூரி. எனக்கு ஒரு மாதம் இல்லை. வந்து இறங்கிய பதினான்கு நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு முடிய வேண்டும். அது முடியாமல் வகுப்பில் உட்கார முடியாது. நாள் தாண்டினால் என் இடம் காத்திருப்பவர்களில் ஒருவருக்குப் போய்விடும்.

இரண்டு வருடம் தொடர்ந்து விண்ணப்பித்துக் கிடைத்த இடம் அது. விமான நிலையத்தில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இனி நீ கடலுக்கு வரக் கூடாது. படிச்சு முடிச்சிட்டு வா."

என்னோடு சேர்ந்த செந்தூர்வேல் கோவில்பட்டிக்காரன். நல்லவன். தன் ஸ்கூட்டரில் என்னை வைத்து ஊர் முழுக்க வீடு தேடினான். ஒரு பெரியவர், சிலோன் என்றதும் கையைப் பிடித்து உட்கார வைத்து, சிலோன் ரேடியோவில் அந்தக் காலத்தில் கேட்ட பாட்டுகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். தேநீரும் தந்தார். கடைசியில் வீடு மட்டும் இல்லை என்றார். போலீசில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டவுடனே எல்லோருக்கும் வீட்டில் விருந்தாளி வந்துவிடுவார்கள். எனக்கு வந்த எரிச்சலில் அந்தத் தேநீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

எட்டாவது நாள் திரேஸ்புரத்தில் பிளாரன்ஸ் அக்கா வீடு கிடைத்தது.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. கீழே அக்கா தனியாக இருந்தாள். மாடியில் ஒற்றை அறை. அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் தாலிச் சங்கிலி இருந்தது, வீட்டில் ஆண் நடமாட்டம் இல்லை. கடலில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் பாஸ்போர்ட்டை எடுக்கும் முன்பே அவள் என் கைகளைத்தான் பார்த்தாள்.

"அப்பா என்ன வேல பாக்காவ?"

"கடல்தான் அக்கா."

"நீ போட்ல போயிருக்கியா?"

"ஓம். பள்ளிக்கூட லீவில எல்லாம் போவன்."

"கயிறு பிடிச்சு இழுப்பியா?"

இழுப்பேன் என்றேன். ஒரு தடவை பக்கத்துப் படகுக்காரர் கடலில் விழுந்தபோது நானும் அப்பாவும் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்த கதையைச் சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த விதம் எனக்கு அப்போது வித்தியாசமாகத் தெரியவில்லை. வீடு கிடைத்தால் போதும் என்றிருந்தேன்.

அடுத்த சிக்கல் கல்லூரியில் வந்தது. உள்ளூரில் காப்பாளர் ஒருவர் வேண்டும், அவர் உறவுக்காரராக இருக்க வேண்டும் என்றார் அலுவலகத்தில் இருந்த ஜேசுபாதம். வீட்டுக்காரர் போதாதா என்று நான் கேட்க, அவர் விதிமுறைத் தாளைத் தட்டிக் காட்டினார். எனக்குத் தலை கொதித்தது. சாமானைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்று அந்த நிமிடம் தோன்றியது.

கூட வந்திருந்த பிளாரன்ஸ் அக்கா அமைதியாகச் சொன்னாள். "என் தம்பின்னு எழுதுங்க."

ஜேசுபாதம் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவரும் திரேஸ்புரத்துக்காரர்தான்.

"பிளாரன்ஸ், யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"எழுதுங்க அண்ணாச்சி."

"இப்ப வேண்டாம். கடைசி நாள்ல நீயே வந்து ஒன் கையால எழுதி ஒப்பு வை. பதிவு ஆபீசுக்கும் அந்தத் தாள்தான் போகும்." பிறகு என்னிடம் திரும்பினார். அந்த விதிமுறைத் தாளை என் கையில் கொடுத்தார்.

தெருவில் நடக்கும்போது அக்கா சொன்னாள். "இன்னையில இருந்து நீ என் தம்பி. தம்பி மாதிரியே இரு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் என்னை ஒரு மனிதனாக நடத்திய முதல் ஆள் அவள்.

அன்றே குடியேறினேன்.

மாடிக்கு வெளியே இருந்து ஓர் இரும்புப் படி. செங்குத்தாக இருக்கும். அக்காவுக்கு முழங்கால் வலி, படி ஏறவே மாட்டாள். அதனால் தெருப்பக்க ஜன்னலில் ஒரு ஏற்பாடு இருந்தது. நீல நைலான் கயிறு ஒன்று ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கும். மறு நுனியில் பிளாஸ்டிக் கூடை. கூடை நுழைவதற்காகக் கீழ்க் கம்பி ஒன்றை அறுத்து எடுத்திருந்தார்கள். பகல் சாப்பாட்டை அக்கா கூடையில் வைத்துவிட்டு, கீழே நின்று கயிற்றை இரண்டு தடவை சுண்டுவாள். நான் இழுத்துக்கொள்வேன்.

"ரெண்டு தடவ சுண்டுனா இழு. யோசிச்சிட்டு நிக்காத, வெரசா இழு," என்று சொல்லியிருந்தாள்.

ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். கடல்காரர்களின் கணக்கு. அந்தக் கயிறு மூன்று பாகம் இருக்கும். முதல் நாளே இழுத்துப் பார்த்ததில் கைக்குத் தெரிந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு முடியாததால் எனக்கு வகுப்பு கிடையாது. மற்றவர்கள் படித்துக்கொண்டிருக்க, நான் மாடியறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை. அந்த நேரத்தில் திரேஸ்புரமே கதவைச் சாத்திவிட்டுத் தூங்கும்.

ஜன்னல் கம்பியில் 'டக்... டக்' என்று கேட்டது.

கயிறு இரண்டு தடவை சுண்டியிருந்தது. மணி இரண்டு இருபது.

அக்கா ரசம் அனுப்ப மறந்திருப்பாள் என்று நினைத்து எழுந்து இழுத்தேன். கூடை காலி. ஆனால் ஈரம். அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எட்டிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. கீழே அக்காவின் கதவு சாத்தியிருந்தது.

எந்தப் பயலோ விளையாடுகிறான் என்று திட்டிக்கொண்டே படுத்தேன். வெளிநாட்டுக்காரன் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்தான்.

மறுநாளும் இரண்டு இருபது. மறுபடி 'டக்... டக்'.

இந்தத் தடவை தயாராக இருந்தேன். ஒரே பாய்ச்சலில் ஜன்னலுக்குப் போய்க் குனிந்தேன். தெரு காலி. கூடை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இழுத்தேன். கனத்தது. உள்ளே ஒரு கை மணல், ஈரமாக. தெரு மணல் இல்லை அது. கரை மணலும் இல்லை. நொறுங்கிய சிப்பி கலந்த, சாம்பல் நிறச் சேற்று மணல். ஆழத்தில் போட்ட நங்கூரத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மணல். அந்த வாடை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, மத்தியானம் நீங்க கயித்தச் சுண்டினனீங்களா?"

அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"சுண்டுச்சா?"

"ஓம்."

"இழுத்தியா?"

"இழுத்தன். மண்தான் வந்தது."

நான் எதிர்பார்த்தது, யாரவன் என்று அவள் தெருவைப் பார்த்துச் சத்தம் போடுவாள் என்று. அவள் சத்தம் போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் வெரசா இழுத்துருக்கணும்," என்றாள்.



அன்று இரவு கயிற்றை அவிழ்த்தேன். கூடையோடு சுருட்டி என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். கதவையும் உள்பக்கம் தாழிட்டேன். காலையில் கண் விழித்தபோது முதலில் பார்த்தது ஜன்னலைத்தான்.

கயிறு கம்பியில் கட்டியிருந்தது.

கதவு தாழிட்டபடியே இருந்தது. பெட்டி பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தேன், உள்ளே கயிறும் கூடையும் இல்லை. கம்பியில் இருந்த முடிச்சு நான் போடும் முடிச்சும் இல்லை. நனைந்து இறுகியிருந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்தேன். உப்பு...

செந்தூர்வேல் தன் பெயரில் எடுத்துத் தந்திருந்த சிம்மில் அவனைக் கூப்பிட்டேன். உடனே வந்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, "மாப்ள, பேசாம காலி பண்ணிரு," என்றான்.

"எங்க போறது? இன்னும் ரெண்டு நாளில கடைசி நாள். அக்கா கையெழுத்து வைக்காட்டி நான் ஊருக்குப் போக வேண்டியதுதான்."

 அவன் விடுதி அறையில் வெளியாள் யாரும் தங்கக் கூடாது. எட்டு வீட்டில் அடித்துத் துரத்தாத குறை. இந்த ஒரு கதவுதான் எனக்குத் திறந்திருந்தது. அதற்குள் இப்படி. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அன்று மத்தியானம் அறையில் இருக்காமல் அவனோடு வெளியே சுற்றினேன். அவன் போன பிறகு கீழே நின்று அக்காவிடம் நேராகக் கேட்டேன். "அத்தான் எங்க அக்கா?"

இதற்காகவே காத்திருந்தவள் போலச் சொன்னாள். அவர் பெயர் கிளைட்டன். சங்கு குளிக்கிறவர், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். எட்டு வருடத்துக்கு முன் கடலில் இறங்கியவர் ஏறவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கோயிலில் அடக்கப் பூசை வைக்க அவள் விடவில்லை. தாலியையும் கழற்றவில்லை.

"அவிய எறங்குனா மேல கயிறு பிடிக்கது என் தம்பிதான். ஆன்றோ. எங்க பக்கம் அதான் வழக்கம். பொண்டாட்டியோட பொறந்தவன் கையிலதான் கயித்தக் குடுப்பாவ. வேற ஆளுன்னா அசந்துருவான். மச்சினன் அசர மாட்டான், அக்கா தாலி அதுல இருக்குல்லா."

"கீழ இருந்து ரெண்டு தடவ சுண்டுனா?"

"மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். ஆளத் தூக்கணும்."

 "ஆன்றோ இப்ப எங்க?"

"கப்பல்ல," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் வலைதான். இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று அலுவலகத்தில் அவள் தம்பி என்றபோது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

மறுநாள். பதிமூன்றாவது நாள். அடுத்த நாள் காலையில் கையெழுத்து. ஒரே ஒரு மத்தியானத்தைத் தாண்டிவிட்டால் போதும். வெளியே எங்காவது போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் பதிவு அலுவலகத்தின் இணையதளம் காலையிலிருந்து திறக்கவில்லை. போட்டோ அளவு தவறு, மறுபடி ஏற்று. மறுபடி தவறு. மறுபடி முதலிலிருந்து. திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் நேரம் போனது தெரியவில்லை.

போட்டோ ஏறியது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டு பத்தொன்பது.

செருப்பைத் தேடினேன். கதவுத் தாழில் கை வைத்தேன்...

டக்... டக்.

போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

டக் டக். டக் டக். டக் டக்.

இப்போது வேகமாக. இடைவெளி இல்லாமல். அது விளையாட்டுச் சுண்டல் இல்லை. கீழே ஒருவனுக்கு மூச்சு முட்டுகிறது. கடல்காரன் வீட்டில் பிறந்தவன் அதைக் கேட்டுக்கொண்டு வெளியே போக முடியாது. என்னால் முடியவில்லை.

ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். இழுத்தேன்.

கனம்.

ஒரு பாகம் வந்தது. இரண்டு. மூன்று. கூடை வரவில்லை.

நான்கு... ஐந்து... கயிறு வந்துகொண்டே இருந்தது. ஈரமாக, பாசி வழுக்க, குளிர்ந்து போய். என் காலடியில் குவிந்தது. எட்டு... ஒன்பது... அறைத் தரையில் தண்ணீர் ஓடியது.

எட்டிப் பார்த்தேன்.

ஜன்னலிலிருந்து கயிறு கீழே விறைப்பாக நின்றது. நுனி தெருவுக்கு ஒரு முழம் மேலே தெரிந்தது. கூடை இல்லை. நுனியில் எதுவுமே இல்லை. நான் இழுக்க இழுக்க உள்ளே கயிறு குவிகிறது, அந்த நுனி மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, வெயிலில் கிடந்த சிமெண்டுத் தெரு கறுத்துக்கொண்டிருந்தது.

அதன் பக்கத்தில் பிளாரன்ஸ் அக்கா நின்றாள். தலையை அண்ணாந்து.

"வெரசா இழு தம்பி."

"அக்கா, என்னக்கா இது..."

"ஒங்க அத்தான்லே. வாராவ. விட்றாத."

என் உள்ளங்கை கிழிந்தது. ரத்தம் கயிற்றில் பட்டது. எனக்கு ஓர் ஆளின் கனம் தெரியும். இழுத்திருக்கிறேன். இது ஓர் ஆள் இல்லை. மூன்று ஆள் கனம். குறைந்தது மூன்று ஆள். நான் ஜன்னலை நோக்கிச் சறுக்கினேன். வயிறு கம்பியில் இடித்தது. அறுத்து எடுத்த கம்பியின் இடைவெளி வழியாக என் தோள் வெளியே போனது.

அது மேலே வரவில்லை.

நான்தான் கீழே போய்க்கொண்டிருந்தேன்.

"தம்பி..."

கத்தினேன். "நான் உங்கட தம்பி இல்லை அக்கா..."

அவ்வளவுதான்.

கயிறு தொய்ந்தது. நான் பின்னால் போய் விழுந்தேன். நுனி ஜன்னல் வழியாகத் துள்ளி வந்து என் மார்பில் விழுந்தது. மூன்று பாகம் கயிறு. அவ்வளவுதான் இருந்தது. தரையில் குவிந்ததைக் காணோம். தண்ணீர் மட்டும் இருந்தது.

தெருவில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல் கேட்டது. அழவில்லை. கோபமும் இல்லை.

"நீயும் விட்டுட்டியா."

அன்று இரவு செந்தூர்வேலின் அறையில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து படுத்தேன். கையில் துணி சுற்றியிருந்தது. எல்லாம் முடிந்தது, காலையில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று விடிய விடிய யோசித்தேன்.

காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் பிளாரன்ஸ் அக்கா நின்றுகொண்டிருந்தாள். சேலை உடுத்தி, தலை வாரி, கையில் அடையாளச் சான்றுகளோடு. சொன்ன சொல்லுக்கு வந்திருந்தாள். என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தாள்.

ஜேசுபாதம் தாளை நீட்டினார். அவள் பெயர், விலாசம் எல்லாம் எழுதினாள். 'உறவு' என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்ன எழுத?" என்று என்னைக் கேட்டாள்.

என்னால் அப்போதும் இல்லை என்று சொல்லியிருக்க முடியும். வகுப்புக்குப் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். அப்பாவின் முகம் வந்தது. அன்று மாலையோடு கெடு முடிகிறது.

"தம்பி எண்டு எழுதுங்கோ அக்கா," என்றேன்.

எழுதினாள். ஒப்பு வைத்தாள். போய்விட்டாள்.

பதிவு அலுவலகத்தில் என் விரல் ரேகையைக் கருவி நான்கு தடவை ஏற்கவில்லை. "கைய என்னய்யா பண்ணி வச்சிருக்க?" என்று எரிந்து விழுந்தார் அதிகாரி. ஐந்தாவது தடவை ஏற்றுக்கொண்டது. நான் சட்டப்படி இந்த ஊரில் இருக்கலாம் என்று ஆனது.

மறு வாரமே கூரை வேலை முடிந்துவிட்டது என்று விடுதியில் இடம் தந்தார்கள். ஒரு வாரம் முன்னால் முடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வகுப்புக்குப் போனேன். அடையாள அட்டை தந்தார்கள். முன்பக்கம் என் படம். பின்பக்கம், காப்பாளர்: பிளாரன்ஸ், உறவு: சகோதரி. நீல நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள். மத்தியான வகுப்பு. பேராசிரியர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கம் சொக்கியது.

கழுத்து நாடா இரண்டு தடவை கீழ்நோக்கிச் சுண்டியது.

கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அட்டையைத் தொட்டேன். ஈரம். மறுபடி சுண்டியது. இந்தத் தடவை என் நெற்றி போய் மேசையில் இடித்தது. வகுப்பு சிரித்தது. நான் நாடாவைக் கழுத்திலிருந்து பிய்த்து எறிந்துவிட்டு வெளியே ஓடினேன்.

நேராக ஜேசுபாதத்திடம் போனேன். "காப்பாளர் பெயரை மாத்த வேணும் சேர்."

"படிப்பு முடியற வரைக்கும் மாத்த முடியாது தம்பி. கம்ப்யூட்டர்ல பூட்டிருச்சு."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நம்பவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எத்தன ஆள் கனம் இருந்துச்சு?"

"மூண்டு ஆள் சேர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எனக்குத் தெரியும். மூண்டு ஆள்."

அவர் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கிளைட்டன் எறங்குன அன்னைக்கு மத்தியானம் ஆன்றோவும் கயித்த விட்டுட்டான். ஏம்லே விட்டன்னு ஊரே கேட்டுச்சு. கனம் தாங்கல, என்னையும் இழுத்துச்சு, ரெண்டு ஆள் கனம் இருந்துச்சுன்னே சொன்னான். ஒருத்தரும் நம்பல. ஏன்னா கிளைட்டன் தனியாத்தான் எறங்குனான். அந்தப் பக்கம் வேற வள்ளமே இல்ல."

"ஆன்றோ இப்ப கப்பலில எண்டு அக்கா சொன்னா..."

"கப்பலா?" அவர் தலையை ஆட்டினார். "அவன் அந்த மாடி ரூம்லதான் இருந்தான். ஒரு வருசம் கழிச்சு அதே எடத்துக்குப் படகுல போயி, மச்சானத் தூக்கிட்டு வாரேன்னு எறங்குனான். அவன் ஏறல."

நான் இப்போதும் அதே கல்லூரியில்தான் படிக்கிறேன். இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பிளாரன்ஸ் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். வேறொன்றும் பேசுவதில்லை. அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. மத்தியானம் ஆனால் பை நனைந்துவிடுகிறது. காவலாளியிடம் வியர்வை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆன்றோ பிடித்தபோது கீழே இருக்க வேண்டியது ஒருவர். இருந்தது இரண்டு ஆள் கனம். அந்த இரண்டாவது ஆளாகத்தான் ஒரு வருடம் கழித்து அவனே இறங்கினான். நான் பிடித்தபோது கீழே இருக்க வேண்டியது கிளைட்டனும் ஆன்றோவும், இரண்டு பேர்.

நான் இழுத்தது மூன்று பேரை.